சுவரும் மனசும்

தில்லியில் யமுனை ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது மயூர் விஹார். மயூர் என்றால் மயில். தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. பக்கத்தில் இருக்கிறது திரிலோக்புரி. அங்கேயும் தமிழர்கள் உண்டு. அங்கிருந்து பெண்கள் மயூர் விஹார் அடுக்கு வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள்.

அப்படி வேலைக்கு வரும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். அவர் தன் தோழியிடம் சொல்கிறார்:

"நான் வேலை செய்யுற வீட்டுல படுக்கையறைக்கு வெளிர் நீலம் அடிச்சிருக்காங்க. உள்ளே போனாலே மனசு லேசாகுது. நம்ம அறைக்குள்ள வந்தா எரிச்சல்தான் வருது. நேத்து ராத்திரி பிள்ளையை அடிச்சிட்டேன். அப்புறம் நானே அழுதேன். சுவர்தான் காரணமா?"

நல்ல கேள்வி. பதில் தேடுவோம்.

நிறத்துக்கு மந்திர சக்தி உண்டா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை ஒன்று இருந்தது. 1979-இல் அங்கே ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு நிறம் அடித்தார்கள். கைதிகளின் கோபம் குறைந்தது என்றார்கள். வேறு பல சிறைகளும் அதே நிறத்தை அடித்தன. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இதைக் கவனமாகச் சோதித்தார்கள். இளஞ்சிவப்பு அறைக் கைதிகளுக்கும் வெள்ளை அறைக் கைதிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நிறத்தைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. சிவப்பு நமக்கு மங்கலம். வேறு சிலருக்கு அது ஆபத்தின் அடையாளம். மயில் கழுத்து நிறச் சேலையைப் பார்த்தால் நமக்கு ஆசை வரும். ஆகவே, பிடித்த நிறம் மகிழ்ச்சி தரும். ஆனால் ஒரு நிறமே எல்லார் மனத்தையும் மாற்றிவிடாது.

அப்படியானால் எது மாற்றுகிறது?

வெளிச்சம், வெப்பம், தூக்கம். இந்த மூன்றும்தான்.

வெளிர் நிறச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இருண்ட சுவர் அதை விழுங்கிவிடும். ஒரே பல்புதான். ஆனால் வெள்ளைச் சுவர் உள்ள அறையில் அதிக வெளிச்சம் கிடைக்கும்.

நம் கண்ணுக்குள் ஒரு வகை அணுக்கள் உள்ளன. இப்போது பகலா, இரவா என்று அவை மூளைக்குச் சொல்லும். இதை விஞ்ஞானிகள் 2002-இல் கண்டறிந்தார்கள். பகலில் நல்ல வெளிச்சம் பட்டால் உடல் விழித்திருக்கும். இரவில் வெளிச்சம் குறைந்தால் தூக்கம் வரும். இரவிலும் டியூப் லைட்டும் செல்போனும் எரிந்தால், மூளை 'இன்னும் பகல்தான்' என்று நினைக்கும். தூக்கம் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும்.

ஜன்னலுக்கும் பங்கு உண்டு. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்தார். 46 நோயாளிகள். எல்லாருக்கும் ஒரே வகை அறுவைச் சிகிச்சை. பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரிந்தது. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இந்த ஆய்வு 1984-இல் வெளிவந்தது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் பலருக்குத் தனிப் படுக்கையறை இல்லை. ஒரே அறைதான். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அதிலும் சில மாற்றங்கள் செய்யலாம்.

1. சுண்ணாம்பு அடியுங்கள். ஊரில் பொங்கலுக்கு முன் அடிப்போம். தில்லியில் தீபாவளிக்கு முன் அடிக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் சுட்ட சுண்ணாம்பு கொதிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

2. மாடி வெயில் நேரே இறங்கும் வீடா? மொட்டைமாடித் தளத்துக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். சூடு குறையும்.

3. மே, ஜூன் மாதங்களில் பகலில் ஜன்னல் திரையை மூடுங்கள். மாலையில் திறங்கள். டிசம்பர், ஜனவரியில் வெயில் வந்ததும் திரையை விலக்குங்கள்.

4. இரவில் மங்கலான மஞ்சள் பல்பு போதும். படுக்கும் முன் செல்போனைத் தள்ளி வையுங்கள்.

5. மூட்டை முடிச்சுகளை ஒரு மூலையில் அடுக்கி, பழைய சேலையால் மறையுங்கள். ஜன்னலில் ஒரு துளசிச் செடி வையுங்கள்.

பழைய எண்ணெய் பெயிண்ட் உரிந்து விழுகிறதா? பிள்ளைகள் அதை வாயில் வைக்காமல் பாருங்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். புதிய பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு 2017 நவம்பர் முதல் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு.

சுவரால் தீராதது

வேலைச் சுமை, கடன், குடும்பச் சண்டை இவை சுண்ணாம்பால் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்கும் பேசலாம். இது 2022-இல் அரசு தொடங்கிய மனநல உதவி எண். கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம்.

அந்த அக்காவுக்கு நம் பதில் இதுதான்: "உங்களுக்குக் கெட்ட மனசு இல்லை அக்கா. உங்களுக்குத் தூக்கம் இல்லை. முதலில் அறையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்."

யோசித்துச் சொல்லுங்கள்

- உங்கள் அறையில் பகலில் விளக்கு இல்லாமல் படிக்க முடிகிறதா?
- இரவில் கடைசியாக அணையும் வெளிச்சம் எது?
- இந்த வாரம் எந்த ஒரு மாற்றத்தைச் செய்வீர்கள்?