தில்லிக்கும் கொல்லங்கோட்டுக்கும் இடையே 18 டிகிரி
நாடாளுமன்றத்தில் ஊசல், பள்ளி முற்றத்தில் குச்சி, நடுவே ஒரு கதை

புதுதில்லி: 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அரசமைப்பு மண்டபத்தில், 22 மீட்டர் உயரத்திலிருந்து 36 கிலோ எடையுள்ள உலோகக் குண்டு ஒன்று தொங்குகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பதை 1851-இல் பாரிஸ் மக்களின் கண்முன் லியோன் ஃபூக்கோ மெய்ப்பித்துக் காட்டிய ஊசல் சோதனையின் இந்திய வடிவம் அது. ஊசலாட்டத்தின் திசை ஒரு முழுச் சுற்று திரும்புவதற்கு இங்கே 49 மணி, 59 நிமிடம், 18 விநாடி ஆகும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவை நடவடிக்கைகளின் பரபரப்புக்கிடையே அதன் முன் நின்று, "ஏன் 24 மணி நேரம் அல்ல?" என்று கேட்க எத்தனை உறுப்பினர்களுக்கு நேரம் கிடைக்குமோ!

அதே குண்டைக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்திலுள்ள கொல்லங்கோட்டில் தொங்கவிட்டால், அந்தச் சுற்றுக்குச் சுமார் 130 மணி நேரம் ஆகும். ஏறத்தாழ ஐந்தரை நாள்கள். துருவத்தில் ஒரு நாள், நிலநடுக்கோட்டில் சுற்றே இல்லை என்பது ஊசலின் விதி. ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் வேகம் அமையும்.

தன் ஊரின் அட்சரேகையை ஒரு மாணவன் தானே கண்டறிய 36 கிலோ குண்டு தேவையில்லை. ஒரு மீட்டர் குச்சியும் வெயிலும் போதும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்றையும் அதே குச்சியால் போட முடியும்: பூமியின் சுற்றளவு.

இயற்பியலின் மிக அழகிய சோதனைகள் எவை என்று 2002-இல் "ஃபிசிக்ஸ் வேர்ல்ட்" இதழின் வாசகர்களிடம் ராபர்ட் கிரீஸ் கருத்துக் கேட்டபோது, 10-ஆவது இடம் ஃபூக்கோவின் ஊசலுக்கு. 7-ஆவது இடம் எரடோஸ்தனீஸின் நிழல் அளவைக்கு. 2,200 ஆண்டுகளுக்கு முன்பு அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் அவர்.

நிறுத்தி நிறுத்திச் சொல்லும் கதை

இந்தச் சோதனையைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே பத்தியில் முடித்துவிடுகின்றன. சயீன் நகரில் நிழல் இல்லை, அலெக்சாண்டிரியாவில் 7.2 டிகிரி நிழல். அது வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா. எனவே சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. விடை கையில் வந்துவிடுகிறது. கேள்வி எங்கே பிறந்தது என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது.

இதற்கு மாற்றாக, 1990-களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாண்டர்சி உள்ளிட்ட கல்வியாளர்கள் ஒரு முறையை முன்வைத்தனர். அறிவியல் வரலாற்றின் ஒரு நிகழ்வைச் சிறு கதையாக ஆசிரியர் சொல்ல வேண்டும். முடிவு தெரிவதற்குச் சற்று முன்பாக நிறுத்திவிட வேண்டும். அடுத்து அந்த விஞ்ஞானி என்ன செய்திருப்பார் என்பதை மாணவர்கள் ஊகித்துச் சொல்லி, வாதிட்ட பிறகே கதை தொடரும்.

எரடோஸ்தனீஸின் கதையில் இப்படி நிறுத்த வேண்டிய இடங்கள் பல. தெற்கே ஓர் ஊரில், ஆண்டில் ஒரு நாள், உச்சிப்பொழுதில் கிணற்றின் அடிவரை வெயில் இறங்குகிறது என்று ஆசிரியர் தொடங்குகிறார். நிறுத்தம். அப்படியானால் சூரியன் எங்கே இருந்திருக்கும்? அதே நாளில் வடக்கே உள்ள நகரத்தில் குச்சிக்கு நிழல் விழுகிறது. மறுபடியும் நிறுத்தம். ஒரே சூரியன், இரண்டு ஊரில் இரண்டு நிழல், ஏன்?

"தரை வளைந்திருக்கிறது" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். "சூரியன் பக்கத்திலேயே இருக்கிறது" என்று எவரேனும் சொன்னால் ஆசிரியர் மகிழ வேண்டும். ஏனெனில் அந்த விடை தவறான கணக்கு அன்று. பூமி தட்டையாக இருந்து, சூரியன் சுமார் 6,150 கிலோமீட்டர் உயரத்தில் நின்றாலும், கொல்லங்கோட்டிலும் தில்லியிலும் அதே இரு நிழல்கள்தாம் விழும். இரண்டு குச்சிகளை மட்டும் கொண்டு பூமி உருண்டை என்று நிரூபிக்க இயலாது. சூரியன் வெகு தொலைவில் உள்ளது, பூமி கோளவடிவம் என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் எரடோஸ்தனீஸ் தொடங்கினார். சந்திர கிரகணத்தின்போது நிலவின்மேல் விழும் பூமியின் வட்ட நிழல் கிரேக்கர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பத்தியாக எழுதப்பட்ட பாடத்தில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை.

கதை என்பதற்காக உண்மையை விட்டுக்கொடுக்கவும் கூடாது. எரடோஸ்தனீஸ் எழுதிய நூல் அழிந்துவிட்டது. பின்னாளில் வந்த கிளியோமிடீஸ் எழுதியதிலிருந்தே இந்த அளவை உலகுக்குத் தெரியவந்தது. அவர் பேசுவது நிழற்கடிகாரங்களைப் பற்றி. புகழ்பெற்ற அந்தக் கிணறு பிளினி போன்றவர்களின் எழுத்தில் வருவது. இதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

பாலக்காட்டுக்கு நிழலும் புதிதல்ல, நிறுத்திக் கேட்கும் கதையும் புதிதல்ல. இந்த மாவட்டத்தின் பகவதி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக்கூத்தில், 21 விளக்குகளின் முன்னே பாவைகள் ஆட, கம்பராமாயணத்தைப் புலவர்கள் விரித்துரைக்கிறார்கள். ஒரு புலவர் ஐயம் எழுப்புவதும் மற்றவர் விளக்குவதும் அந்தக் கலையின் இயல்பு. மலையாள மண்ணில், தமிழ்ப் பாடலை வைத்து, நிழலால் நடக்கும் உரையாடல் அது.

எகிப்தில் இல்லாத பொருத்தம்

கொல்லங்கோடு ஏறத்தாழ 10.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, தில்லி 28.6. வேறுபாடு 18 டிகிரி, அதாவது முழு வட்டத்தில் சரியாக 20-இல் ஒரு பங்கு. தீர்க்கரேகையோ ஏறக்குறைய ஒன்றே: அங்கே 76.7, இங்கே 77.2. அலெக்சாண்டிரியாவும் சயீனும் கிழக்கு மேற்காக 3 டிகிரி விலகியிருந்தன. எரடோஸ்தனீஸுக்கே இவ்வளவு பொருத்தமான இரு ஊர்கள் வாய்க்கவில்லை.

கொல்லங்கோட்டில் ஏப்ரல் 17, ஆகஸ்ட் 25 ஆகிய தேதிகளை ஒட்டி, உச்சிப்பொழுதில் குச்சியின் நிழல் மறைந்துவிடுகிறது. கடக ரேகைக்கு வடக்கே உள்ள தில்லியில் அப்படியொரு நாள் எந்த ஆண்டிலும் வராது. ஏப்ரல் 17-இல் அங்கே நிழல் இல்லாதபோது, இங்கே ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 32 செ.மீ. நிழல் விழும். வரைந்து அளந்தால் 18 டிகிரி. வடக்கு தெற்காக நேர்த்தூரம் சுமார் 2,000 கி.மீ.; 20-ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ. பூமியின் உண்மையான சுற்றளவும் அதுவே.

தூரத்துக்கு ரயில்வே கால அட்டவணையைப் பார்க்கும் மாணவன் 52,000 கி.மீ. என்ற விடையோடு வருவான். பாலக்காட்டிலிருந்து தில்லிக்கு இருப்புப் பாதை வளைந்து வளைந்து சுமார் 2,600 கி.மீ. ஓடுகிறது. விடை ஏன் பெருத்தது என்று வகுப்பே தேடும் அந்த அரை மணி நேரம்தான் பாடம்.

காகிதத்தில் உள்ள ஆதரவு

"கதை சொல்லல் வழிக் கற்பித்தல்" என்பது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலேயே இடம்பெற்றுள்ளது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கை, 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் ஆய்வுக்கூடங்கள் என்று அறிவித்தது. கருவிகளுக்குப் பணம் ஒதுக்குவதில் எந்த அரசுக்கும் தயக்கம் இருந்ததில்லை. கேள்விக்கு நேரம் ஒதுக்குவதில்தான் சிக்கல்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (2022 முதல் நர்மதாபுரம்) இதற்குச் சான்று. 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அங்குள்ள அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், மாணவர்கள் மலிவான பொருள்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்தனர்; புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினர்; "சவாலிராம்" என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டனர். 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவி, பின்னர் ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் பிற மாவட்டங்களுக்கும் சென்ற அந்தத் திட்டத்தை, மாவட்டத் திட்டக் குழுவில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, 2002-இல் திக்விஜய் சிங் தலைமையிலான காங்கிரஸ் அரசு நிறுத்தியது. அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வதற்காக 1989-இல் மத்திய அரசு நிறுவிய விஞ்ஞான் பிரசார், 2023-இல் பாஜக ஆட்சியில் மூடப்பட்டது. இந்த விஷயத்தில் கட்சி வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் கலைப்பயணங்கள் வழியாக நீண்டகாலமாகச் செய்துவருவது இதே பணியைத்தான். ஆனால் கலைப்பயணம் வந்துபோகும், வகுப்பறை நிலைத்திருக்கும்.

சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. கதை கேட்பவர் குறுக்கிட்டுப் பேச வேண்டுமானால், அது அவர் வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யுமாறு 350-ஏ பிரிவு 1956-லிருந்தே கூறுகிறது. கேரள அரசு தமிழில் பாடநூல்களை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வையும் தமிழில் எழுதலாம். எனினும் ஆசிரியர் பற்றாக்குறையும் பாடநூல் தாமதமும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் நாடாளுமன்றத்தில் வைக்கும் அறிக்கைகளில் பல மாநிலங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் குறைகள். 350-ஏ தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. எரடோஸ்தனீஸோ அதற்குப் பிந்தைய வகுப்புகளில்தான் வருகிறார்.

நாள்காட்டியும் ஒத்துழைக்கவில்லை. ஏப்ரல் 17 கேரளப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஆகஸ்ட் 25 மழை மேகமும் ஓணமும் சூழ்ந்த காலம். ஆனால் நிழல் மறையும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த நாளிலும், உச்சிப்பொழுதில் இரு நிழல்களும் ஒரே திசையில் விழுந்தால் இரு ஊர்களின் கோணங்களைக் கழித்தாலும், எதிரெதிர்த் திசைகளில் விழுந்தால் கூட்டினாலும் 18 டிகிரிதான் வரும். செப்டம்பர் 23-ஐ ஒட்டி, இந்திய நேரப்படி தில்லியில் 12.14 மணிக்கும் கொல்லங்கோட்டில் 12.16 மணிக்கும் உச்சிப்பொழுது. ஒரு மீட்டர் குச்சிக்கு இங்கே சுமார் 54 செ.மீ., அங்கே 19 செ.மீ. நிழல் விழும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் தலைநகரில் இருக்கின்றன. அளந்ததைத் தமிழிலேயே சொல்லிக்கொள்ள ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.