மடுவத்தில் பிள்ளை, கொட்டிலில் கன்று

மலையக இலக்கியம் என்று பேச்செடுத்தால் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிரட்டுக்களமும் உடனே நம் கண்முன் வந்து நிற்கும். அது நியாயந்தான். ஆனால் ஊவாவின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், அவருடைய முதல் ஞாபகங்களில் தேயிலைச் செடியைவிட ஒரு மாடு கிட்டத்தில் நிற்கும். லயத்துக்குக் கீழே தகரமும் மானாப் புல்லும் வேய்ந்த ஒரு கொட்டில், அதில் ஒரு பசு, அதன் பக்கத்தில் ஒரு கன்று. இஸ்தோப்பிலிருந்து எச்சில் துப்பினால் அங்கே போய் விழும் தூரம். அந்த மாட்டைச் சுற்றி ஒரு குடும்பமும் அதன் சின்னப் பிள்ளைகளும் வாழ்ந்த வாழ்வைப்பற்றித்தான் நேயர்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் மாட்டுப் பண்ணைக் குடும்பங்களின் கதைகள் தனி ஓர் இலக்கியமாகவே வளர்ந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஏக்கர், குதிரைச் சவாரி, நூற்றுக்கணக்கில் மந்தை, நடக்கத் தொடங்கிய உடனேயே கன்றுக்குட்டியோடு பழகும் பிள்ளைகள். நம்முடையது அப்படியல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பராவில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. மாடு மேயவும் நிலமில்லை, குடும்பம் குடியிருக்கவும் நிலமில்லை. இருந்தும், பிள்ளைகளுக்கும் கன்றுக்கும் இடையே இருந்த உறவு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு மாடு வந்த கதை தேயிலைக்கும் மூத்தது. கோப்பிக் காலத்தில் சாமான் ஏற்றவும் இறக்கவும் மாட்டுவண்டிதான். அதோடு, கோப்பிச் செடிக்கு எரு வேண்டும் என்பதற்காகவே துரைமார் பெரிய பட்டிகள் கட்டி மாடுகளை வைத்திருந்தார்கள். பத்தனைகளில் மானாப் புல் அறுத்துச் சுமந்து வந்து போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1869 இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் கண்டபோது, இலங்கையில் அது முதலில் தென்பட்ட இடங்களில் ஒன்று நம்முடைய மடுல்சீமைதான். கோப்பி போனது, தேயிலை வந்தது, 1924 இல் ரயில் பதுளைவரை வந்தது, எருவுக்குப் பதில் உரமூட்டை வந்தது. துரையின் பட்டி மறைந்தது. லயத்து மனிதனின் ஒற்றைப் பசு மட்டும் தங்கிவிட்டது.

அந்த ஒற்றைப் பசு ஒரு வீட்டின் நாளை எப்படி நடத்தியது என்று சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்கு வீட்டில் முதலில் எழும்புகிறவர் அப்பா. குப்பி விளக்கோடு கொட்டிலுக்கு இறங்குவார். கன்றை அவிழ்த்து விட்டு முட்டவைத்தால்தான் பசு பாலை விடும். கன்றைப் பிடிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. எனக்கு அப்போது ஆறு வயது. கன்றுக்கு ஆறு வாரம். பலம் அதற்குத்தான் அதிகம். மூன்று காம்பு நமக்கு, ஒரு காம்பு கன்றுக்கு என்பது அப்பாவின் சட்டம். எல்லா வீட்டிலும் அப்படி இருக்கவில்லை. பால்காரர் வரும் நேரம் நெருங்கினால் நாலாவது காம்பும் கறக்கப்படும், கன்று எலும்பும் தோலுமாய் நிற்கும். கன்றைப் பார்த்தால் போதும், அந்த வீட்டில் கடன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

ஆறு மணிக்குப் பிரட்டு. அதற்குள் அம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தங்கச்சியைத் துணியில் சுற்றிப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏற வேண்டும். பிள்ளை மடுவம் என்றும் அதைச் சொல்வார்கள். மடுவம் என்ற சொல் சிங்களத்து ‘மடுவ’விலிருந்து வந்தது, கொட்டகை என்று பொருள். கொழுந்து நிறுக்கும் இடமும் மடுவம், பிள்ளையை விடும் இடமும் மடுவம். மாடு நிற்பதும் அதே மாதிரிக் கொட்டகையில்தான். இந்த மொழிச் சிக்கனத்தைப்பற்றி அறிஞர்கள் யாராவது எழுதலாம்.

ஒரு பசுவுக்கு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் வேண்டும். நடுத்தரப் பசு என்றால் முப்பது, நாற்பது கிலோ. ஆளுயரத் தலைச்சுமை இரண்டு. அப்பா பேர் போட்டுவிட்டு வந்து ஒரு கட்டு, நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சிறு சிறு கட்டுகளாக மற்றொன்று. புல் எங்கே இருக்கும்? வீதியோரத்தில், கான்களின் கரையில், ஓடையில். நல்ல புல் இருக்கும் இடம் ஒன்றுண்டு, ஆனால் அங்கே கைவைக்க முடியாது. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி நடும்முன் மண் தேறுவதற்காக ஒன்றரை இரண்டு வருஷம் குவாட்டமாலாப் புல்லும் மானாப் புல்லும் வளர்ப்பார்கள். ஆளுயரம் நிற்கும். அதை வெட்டி அந்த மண்ணிலேயே மூடாக்காகப் போடுவது தோட்டத்தின் கணக்கு. வெட்டிக் கொட்டிலுக்குக் கொண்டு போவது லயத்தின் கணக்கு. இரண்டு கணக்கும் அவரவர் பக்கத்தில் சரியானவை. நடுவில் காவல்காரன். அவனுக்கும் லயத்தில் ஒரு மாடு நின்றது என்பதால் பல பிணக்குகள் இருட்டிலேயே தீர்ந்துபோயின.

ஊவாவின் காலநிலையையும் இங்கே சொல்லவேண்டும். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆடி, ஆவணியில் மேற்கே மழை கொட்டும்போது, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது வரண்ட காற்று. அந்தக் காற்றுப் பட்டால் கொழுந்தின் வளர்ச்சி குன்றி, அதில் ஒரு தனி வாசம் ஏறும். யூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் உள்ள மதிப்பு உலகறிந்தது. அதே காற்றில்தான் பத்தனை காய்ந்து, பீலித் தண்ணீர் நூலாகி, புல் கருகும். தேயிலைக்கு வாசம் ஏறும் மாதங்களில் எங்கள் பசுவுக்குப் பால் வற்றும். அந்த நாட்களில் முருக்கு இலையும் பலா இலையும் வாழைத்தண்டும் அரிந்து போட்டு ஒப்பேற்றுவோம். பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களிடம் எருவைக் கொடுத்துவிட்டு கோவா இலையும் கரட் தழையும் வாங்கி வருவதும் உண்டு.

இனி, பால் எங்கே போனது என்ற கேள்விக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலை விற்பதில்லை. அது முதலில் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும். பிறகு லயம் முழுக்கப் பங்கு. “ஏ தங்கச்சி, ஏனத்த எடுத்துக்கிட்டு வா” என்று அப்பாயி வாசலில் நின்று கூப்பிடுவார். கருப்பட்டி போட்டு வேகவைத்த சீம்பால் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கரண்டியாவது போகும். பேசாதவர்கள் கூட அன்று வாங்கிக்கொள்வார்கள். அதோடு சரி. அதற்கடுத்த நாளிலிருந்து பால் சந்திக்குப் போகும். அங்கே பால்மானியை விட்டுப் பார்த்து, கொழுப்புக்கு ஏற்ப விலை போடுவார்கள். மாசக் கடைசியில் வரும் அந்தப் பணந்தான் கடைக் கணக்கை அடைக்கும், கொப்பி பென்சில் வாங்கும், தீபாவளி முற்பணத்துக்குப் பிறகு சம்பளச் சீட்டில் எதுவும் மிஞ்சாத மாதங்களில் அரிசியாகும். ஆகவே மாடு உள்ள வீட்டுப் பிள்ளையும் மாடில்லாத வீட்டுப் பிள்ளையும் குடித்தது ஒரே சாயத்தண்ணிதான். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அதை நக்கிக்கொண்டு ஒரு மிடறு.

நான் இதை யாரையும் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. பாலை விற்றுத்தான் என் அண்ணன் படித்தார். ஆனால் கணக்கு கணக்குத்தான். 2016 இல் நாடெங்கும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர். கொட்டிலில் பசு நிற்கும் மலையில்தான் இந்த முப்பத்திரண்டும் இருக்கிறது. இதற்குப் பால் ஒன்றே காரணம் என்பது பேதமை. தாயின் உடல், சுத்தமான தண்ணீர், நெருக்கடியான காம்பரா, பிள்ளைக்குச் சோறூட்ட நேரமில்லாத வேலை என்று பலவும் சேர்ந்தது. இருந்தாலும், நியூசிலாந்தில் புல் தின்ற மாட்டின் பால் தூளாகிக் கப்பலேறி வந்து, தோட்டத்துக் கடையில் பைக்கற்றாகத் தொங்க, நம் கொட்டிலில் கறந்த பால் தகரக் கேனில் மலையிறங்கிப் போகிறது. இதில் ஏதோ கோணல் இருக்கிறது. 2022 இல் 400 கிராம் பால்மாப் பைக்கற்றின் விலை ஆயிரம் ரூபாவைத் தாண்டியபோது சில வீடுகளில் விற்பதைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குவளை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நெருக்கடியால் வந்த நல்லது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது எங்கள் அப்பாயிக்குப் பஞ்சாங்கம். எழுதப்படிக்கத் தெரியாதவர். பேரப்பிள்ளைகளின் வயதை ஈற்றுகளை வைத்தே சொல்வார். “பெரியவன் செவலை மொதக் கன்னு போட்ட வருஷம், சின்னவ மயிலைக் கன்னு செத்த மாசம்.” பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம் பத்து நாள், நமக்கும் அப்படியே; ஆகவே அவருடைய கணக்கு அவ்வளவாகப் பிசகுவதில்லை. பிசகு வந்தது காகிதம் கேட்டபோதுதான். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மக்களை 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பங்குபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேருக்குப் பிறகு பார்ப்போம் என்று. விண்ணப்பப் படிவத்தில் பிறந்த திகதிக்கு நேரே செவலையின் ஈற்றை எழுத முடியாதே. பிறப்புப் பதிவைத் தேடி அப்பா பேர் இழந்து அலைந்த நாட்களில் மாட்டைப் பார்த்தவர்கள் பிள்ளைகளாகிய நாங்கள்.

சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அவர்களிடமும் ஒரு பசு இருந்தது. போகிறவன் மாட்டுக்கு நல்ல விலை கிடைக்காது, போகத்தான் போகிறான் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். பாதி விலைக்குக் கயிற்றோடு போனது. தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று மலையகம் பெயரிட்டதை நேயர்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டு ஒப்பாரி கோச்சி வருவதற்கு மூன்று நாள் முந்தியே, கொட்டில் வாசலில், சித்தியால் தொடங்கப்பட்டுவிட்டது. என் வயதொத்த சித்தப்பா மகன் கன்றின் மணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டான்.

இவையெல்லாம் நம் எழுத்தில் எந்த அளவுக்கு வந்திருக்கின்றன? சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டினார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், 2022 இல் மறையும்வரை லயத்துக் காம்பராவின் உட்புறத்தை எழுதிக்கொண்டே இருந்தார். அவர்களால்தான் நமக்கு ஒரு முகவரி. ஆனால் நான் வாசித்தவரையில், கதைகளில் மாடு வேலியோரத்தில்தான் நிற்கிறது. காரணம் ஓரளவு விளங்குகிறது. துரையும் கங்காணியும் வேலைநிறுத்தமும் எழுதக் காத்திருக்கும்போது, கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையை எழுத யாருக்கு மனம் வரும்? நிலமற்றவனுக்கு நிலத்தின்மேல் உள்ள ஆசை முதலில் மாட்டின் வடிவத்தில்தான் வருகிறது என்பதை எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் கேள்வி இன்றும் நிலந்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, மழைக் காலத்தில் அபாய அறிவித்தல் வந்தால் ஊவாவின் பல தோட்டங்களில் சனங்கள் பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ போய்த் தங்குகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மாட்டை எங்கே கொண்டு போவது? இருட்டோடு யாராவது ஒருவர் புல்லுக்கட்டோடு திரும்பி ஏறுகிறார். புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று காணி அளந்தார்கள். லயத்தைவிட அது எவ்வளவோ மேல், மறுப்பதற்கில்லை. வீடு, மலசலகூடம், முற்றம் எல்லாம் அதில் அடங்கும். கொட்டிலுக்கு இடம் விட்டால் பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னல் அருகே எருக்குழி வரும். ஆகவே வீடு கிடைத்ததும் மாட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்காகப் பழைய லயத்தின் பின்பக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது பசறைப் பக்கம் போனால் பல வீடுகளில் நடுவயதுக்காரர்களைக் காண்பது அரிது. அப்பா கொழும்பில் கடையில், அம்மா மத்தியகிழக்கில். வீட்டில் இருப்பது கிழவி, பிள்ளை மடுவத்துக்குப் போகும் பேரன், கொட்டிலில் ஒரு பசு. பசுவுக்கு ஊசி போட மிருகவைத்தியர் வரும் திகதி கைத்தொலைபேசியில் குறித்திருக்கிறது. கைபேசியைத் திறந்து அதை வாசித்துச் சொல்வது, முதலாம் வகுப்புக்குப் போகும் மூத்த பேத்தி.