காயலான் கடைக்கா, கிராம வைத்தியசாலைக்கா?

மாடு வாங்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நிலம் வாங்குபவன் வில்லங்கம் பார்க்கிறான். பல லட்ச ரூபாய் பெறும் யந்திரங்களை வைத்திருக்கும் நமது வைத்தியசாலைகளோ, அவற்றை ஒரு நாள் விற்க வேண்டி வரும் என்ற நினைப்பே இல்லாமல் காலங் கழிக்கின்றன. விற்க வேண்டிய நாள் வந்ததும், பழைய யந்திரத்துக்கு விலையே இல்லை என்று அங்கலாய்க்கின்றன. விலை போனதற்கு யந்திரத்தின் வயது மட்டும் காரணமன்று. வைத்திருந்தவர்களின் அசிரத்தையே பெருங் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இது வைத்தியர்களின் வரவு செலவு சம்பந்தமான சில்லறை விஷயம் என்று அன்பர்கள் எண்ணலாகாது. இந்தியாவில் உபயோகமாகும் வைத்திய யந்திரங்களில் பெரும் பகுதி இன்றும் அந்நிய நாடுகளிலிருந்தே வருகிறது. பத்து வருஷம் உழைக்க வேண்டிய யந்திரம் ஐந்தே வருஷத்தில் படுத்துவிட்டால், மிகுந்த ஐந்து வருஷத்துக்காகத் தேசத்தின் பணம் இன்னொரு முறை கப்பலேறுகிறது. நல்ல நிலையில் கைமாறும் யந்திரமோ, புதியது வாங்கச் சக்தியற்ற தாலுகா ஊர் ஒன்றில் மீண்டும் பல வருஷம் நோயாளிகளுக்கு உதவுகிறது. ஆகவே, மறுவிற்பனை மதிப்பைக் காப்பது சுயநலமும் தேசநலமும் ஒன்று சேரும் காரியம்.

நஷ்டத்தின் அளவைச் சற்று கவனிப்போம். 2011-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, வசதி குறைந்த 16 நாடுகளின் வைத்தியசாலைகளிலிருந்த 1,12,040 யந்திரங்களின் கணக்கைப் பார்த்தது. அவற்றில் 38.3 சதவிகிதம் வேலை செய்யவில்லை. நமது நாட்டில் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் சர்க்கார் வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கில், ராஜ்யத்துக்கு ராஜ்யம் 13 முதல் 34 சதவிகிதம் வரை யந்திரங்கள் பழுதாகிக் கிடந்தது தெரிய வந்தது. இதைச் சீர்திருத்தவே 2015-ல் யந்திரப் பராமரிப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. திட்டம் நல்லதே. ஆனால் திட்டம் மட்டும் யந்திரத்தைத் துடைத்து வைக்காது.

யந்திரம் ஏன் கெடுகிறது? முதல் எதிரி மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தமும், சரியாகப் போடாத எர்த்தும் நுட்பமான மின்னணுப் பலகைகளைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. லட்சங்களைக் கொடுத்து யந்திரம் வாங்கியவர், அதற்கேற்ற ஸ்டெபிலைசர் வாங்கும்போது மட்டும் பேரம் பேசுவது விநோதமே. அடுத்த எதிரி நமது சீதோஷ்ணம். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஈரம் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி வில்லைகளில் பூசணம் ஏற்றுகிறது. உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் வைத்தால் தடுக்கக்கூடிய சேதம் இது.

மூன்றாவது எதிரி அறியாமை. அல்ட்ராசவுண்ட் யந்திரத்தில் விலையுயர்ந்த உறுப்பு நோயாளியின் உடல்மீது வைக்கும் புரோப் ஆகும். அது ஒருமுறை கீழே விழுந்தால் உள்ளிருக்கும் படிகம் உடையலாம். தயாரிப்பாளர் அனுமதிக்காத திராவகத்தால் துடைத்தால் அதன் முகத்திலுள்ள ரப்பர் வெடிக்கும். எக்ஸ்ரே குழாயைச் சூடேற்றாமல் காலையில் எடுத்தவுடன் முழு வேகத்தில் இயக்கினால், அதன் ஆனோடு விரிசல் காணும். உப்புத் தண்ணீர் ஊற்றிய ஆட்டோகிளேவில் சுண்ணாம்பு படியும். இவை அனைத்தும் ஒரு நர்ஸும் ஒரு டெக்னீஷியனும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியவை.

எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் கதை இன்னும் படிப்பினை தருவது. அதன் காந்தச் சுருள் ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரிக் குளிரில், திரவ ஹீலியத்துள் அமிழ்ந்திருக்கிறது. அந்தக் குளிரைக் காக்கும் கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஸ்கான் நிலையத்தை மூடியவர், மின்சாரச் செலவு மிச்சமென்று எண்ணி அதையும் நிறுத்திவிட்டால், ஹீலியம் கொதித்து ஆவியாகிப் போய்விடும். ஹீலியமோ நாம் இறக்குமதி செய்யும் பொருள். சில மாத மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய், யந்திரத்தின் விலையையே இழப்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

நிற்க. யந்திரம் நன்றாயிருப்பது மட்டும் போதாது. அதன் பத்திரங்களும் நன்றாயிருக்க வேண்டும். வாங்கிய பில், கையேடு, பழுது பார்த்த தேதிகளைக் குறித்த லாக் புத்தகம், மாற்றிய உறுப்புகளின் ரசீது ஆகியவை இல்லாத யந்திரத்தை வாங்குகிறவன் இருட்டில் பேரம் பேசுகிறான். இருட்டில் பேசும் பேரம் பாதி விலைக்குத்தான் முடியும். சட்டமும் இதில் தலையிடுகிறது. எக்ஸ்ரே யந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தரப் பரிசோதனையும் வேண்டும். கருவின் பால் அறிவதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டம், 2003-ல் செய்த திருத்தத்தின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெறாத எவருக்கும் அல்ட்ராசவுண்ட் யந்திரத்தை விற்கக் கூடாதென்று கூறுகிறது. அவசரத் தேவைக்காக யாரோ ஒரு தரகனிடம் யந்திரத்தைத் தள்ளிவிடுகிறவர், பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிக்கும் கொடுமைக்கு உடந்தையாகக்கூடும். பணத்தை மட்டுமன்று, பாவத்தையும் கணக்கிட வேண்டும்.

கணக்குப்பிள்ளையின் ஏடு பலரை ஏமாற்றுகிறது. 1962-ம் வருஷத்து வருமானவரி விதிகள் உயிர்காக்கும் சில யந்திரங்களுக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம் கழிக்க இடம் கொடுத்தன. அந்தக் கணக்கில் பத்து லட்ச ரூபாய் யந்திரம் மூன்று முழு வருஷங்களில் 2,16,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஏட்டில் விலை போய்விட்டதென்று யந்திரத்தையே கைவிடுவது மடமை. ஏடு வரிக்காக எழுதப்படுவது. சந்தை யந்திரத்தின் உழைப்பைப் பார்த்து விலை கூறுகிறது. தயாரிப்பாளர் உதிரி உறுப்புகளை நிறுத்தப் போவதாக அறிவிக்கும் முன்பே விற்றுவிடுகிறவரே புத்திசாலி.

விலையைக் காப்பதென்றால் குறையை மறைப்பதென்று சிலர் கொள்கிறார்கள். துருவின்மேல் வர்ணம் பூசி, தேய்ந்த குழாயைப் புதிதென்று சொல்லி விற்பது வியாபாரமன்று, வஞ்சனை. தவறாகக் காட்டும் மானிட்டரால் துன்பப்படுகிறவர் வாங்கிய வைத்தியர் அல்லர். கட்டிலில் கிடக்கும் ஏழை நோயாளி. யந்திரத்தில் பதிவாகியிருக்கும் நோயாளிகளின் பெயர்களையும் படங்களையும் அழித்த பின்னரே அதைக் கைமாற்ற வேண்டும் என்பதும் கண்டிப்பான கடமை.

கைவிடப்பட்ட யந்திரம் என்ன செய்யும் என்பதற்கு பிரேஸில் தேசத்தின் கோயானியா நகரம் சாட்சி. அங்கே ஒரு தனியார் கதிரியக்கச் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, சீஸியம் வைத்த யந்திரம் ஒன்றைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. 1987 செப்டம்பரில் இருவர் அதைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றனர். இருளில் நீலமாக ஒளிர்ந்த பொடியைக் குழந்தைகள் கூடக் கையிலெடுத்தனர். நால்வர் மாண்டனர், 249 பேர் உடலில் கதிரியக்கத் தூசு காணப்பட்டது, 1,12,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதிக்க நேர்ந்தது. கணக்கில்லாமல் போன ஒரே ஒரு யந்திரத்தின் கதை இது.

இனி, தயாரிப்பாளர்களுக்கும் சர்க்காருக்கும் இரண்டு வார்த்தை. யந்திரத்தை விற்ற பின்னும் அதன் பழுதுபார்க்கும் கடவுச்சொல்லைத் தம் மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்ளும் கம்பெனிகள், வாங்கியவரின் சொத்தைப் பாதி தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. கையேடும் உதிரி உறுப்பும் நியாய விலையில் கிடைக்கச் செய்வது சட்டத்தின் வேலை. மறுசீரமைத்த யந்திரங்களுக்கு 2017-ம் வருஷத்து வைத்தியக் கருவி விதிகளில் தனி ஏற்பாடு இல்லையென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் 2025 ஜனவரியில் சுங்க இலாகாவுக்குத் தெரிவித்தது. அந்நிய நாட்டுக் கழிவுகள் நம் துறைமுகங்களில் வந்து குவிவதை நாமும் விரும்பவில்லை. ஆனால் இந்நாட்டிலேயே உழைத்த யந்திரம் இந்நாட்டிலேயே கைமாறுவதற்குப் பரிசோதனையும், தரச் சான்றும், பொறுப்பும் வகுக்கும் தெளிவான விதி ஏன் கூடாது?

சர்க்கார் வைத்தியசாலைகளின் வராந்தாக்களில் கண்டம் செய்யப்படுவதற்காகக் காத்துக் கிடக்கும் யந்திரங்களைப் பார்க்காதவர் இல்லை. கோப்பு மேஜைக்கு மேஜை நகர்வதற்குள் எலி கேபிளைக் கடித்துவிடுகிறது. உயிரோடு உள்ளே போனது, பிணமாகி எடைக்கு விற்கப்படுகிறது.

தேச ஊழியர்கள் தத்தம் ஊர் வைத்தியசாலைக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென்று நாம் வேண்டுகிறோம். எத்தனை யந்திரங்கள் இருக்கின்றன? எத்தனை ஓடுகின்றன? ஓடாதவை எத்தனை நாளாக ஓடவில்லை? பதிலை நகரசபைக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் எழுதுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய யந்திரம் கிராம வைத்தியசாலைக்குப் போவதும் காயலான் கடைக்குப் போவதும், கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதையே பொறுத்திருக்கிறது.