தோப்புக்குள் கல்வாழை, வரப்பில் தட்டை

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஓலைகள் கறுக்க ஆரம்பித்தன. ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகுச் சுருளாக அப்பிக் கிடந்தது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் 2004-இல் கண்டறியப்பட்ட பூச்சி அது. சாற்றை உறிஞ்சிவிட்டு அது கழிக்கும் பிசுபிசுப்பான தேன்கழிவு கீழ் ஓலைகளில் வழியும். அதன்மேல் கரும்பூஞ்சாணம் படரும்.

மருந்தடிக்கத்தான் யாருக்கும் கை போகும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைத்தான் வேண்டாம் என்றது. என்கார்சியா என்றொரு குளவி, கடுகைவிடச் சிறியது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

குளவி பெருக, தென்னைக்கு இடையில் கல்வாழையும் வாழையும் வைக்கச் சொல்கிறார்கள். வெள்ளை ஈ அவற்றின் இலைகளிலும் குடியேறும். பின்னாலேயே குளவியும் வந்து இனம் பெருக்கும். வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற அதே கல்வாழைதான். ஆனால் இங்கே பூவுக்கு வேலையில்லை, இலைக்குத்தான் வேலை.

பூவுக்கே வேலை உள்ள இடங்களும் உண்டு. ஒட்டுண்ணிக் குளவிகள் பலவும் வளர்ந்தபின் தேன் குடித்தே உயிர் வாழ்கின்றன. தேன் கிடைத்தால் கூடுதல் நாள் இருந்து, கூடுதல் முட்டையிடும். வாய் குட்டை என்பதால் நீளக் குழல் போன்ற பூக்கள் அவற்றுக்கு உதவாது. கொத்தமல்லிப் பூ மாதிரி ஆழமில்லாத சிறு பூக்களே தோது. தட்டைப்பயறு இன்னும் தாராளம்: பூவுக்கு வெளியேயும் அதற்குத் தேன் சுரக்கும் இடங்கள் உண்டு. போதாததற்கு அதில் ஏறும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டுகள் வந்து சேரும். நெல் வரப்பில் தட்டை போடச் சொல்வது இதற்காகத்தான்.

இது வெறும் ஆசைப் பேச்சில்லை. சீனா, தாய்லாந்து, வியட்நாம் நெல் வயல்களின் ஓரங்களில் எள் போன்ற தேன்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அந்த வயல்களில் பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

செண்டுமல்லியின் கதையோ நேர்தலைகீழ். அது அழைப்பது நண்பனை அல்ல, எதிரியை. தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லிப் பூ மேல் தனி மோகம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு, 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி. இரண்டும் ஒரே சமயம் பூக்க வேண்டும் என்பதால் செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள் வயது, தக்காளி நாற்றுக்கு 25 நாள்.

பூச்செடி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். தட்டையை நட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். செண்டுமல்லியில் அது நடக்காது. பூக்களை அவ்வப்போது பார்த்து, முட்டையையும் புழுவையும் பொறுக்கி அழிக்க வேண்டும். விட்டால் பொறியாக வைத்த செண்டுமல்லியே புழுப் பண்ணையாகி, பக்கத்து வரிசைத் தக்காளிக்குத்தான் ஆபத்து.