மண் கோட்டை எப்படி பீரங்கியைத் தாங்கிச்சு?

சங்கரன்கோவில் கோயிலுக்குப் போனவங்க பூலித்தேவர் கதையைக் கேட்டிருப்பீங்க. கைதியா கொண்டுபோகும்போது சாமி கும்பிட உள்ளே போனவர் அப்படியே மறைஞ்சுட்டார்னு சொல்லுவாங்க. அது மக்கள் நம்பிக்கை. இன்னிக்கு நான் பேசப்போறது அதுக்கு முந்தின கதை. அவரோட மண் கோட்டைகள் பீரங்கிக்கு முன்னாடி எப்படி நின்னுச்சு?

முதல்ல 1755. கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டை முன்னாடி வந்து 20,000 ரூபாய் கப்பம் கேட்டார். கிடைக்கல. சுவரை உடைக்கிற அளவுக்குப் பெரிய பீரங்கியும் அவர்கிட்ட இல்ல. மதுரைக்குத் திரும்பிட்டார்.

1759 கடைசியில யூசுப் கான் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவங்க கோட்டையை விடல. பூலித்தேவர் ஆட்கள் வெளியே இருந்து முகாமைத் தாக்கினாங்க. குண்டும் மருந்தும் குறைஞ்சதும் யூசுப் கான் பின்வாங்கினார்.

கல் சுவர்ல குண்டு பட்டா கல் உடையும், மேல இருக்கிற கட்டும் சரியும். நல்லா பிசைஞ்சு இறுகின மண் சுவரோ குண்டை உள்வாங்கிக்கும். துளை விழும், சுவர் நிக்கும். ஐரோப்பாவுலயும் இதே அனுபவம்தான். 1621-ல ஹோதின் என்ற இடத்துல போலந்து-லித்துவேனியப் படை மண் அரண்களுக்குப் பின்னாடி இருந்துகிட்டே ஒட்டோமான் சுல்தானோட பெரும்படையை ஒரு மாசத்துக்கு மேல தடுத்துச்சு. கடைசியில சமாதானம்தான் பேசினாங்க.

ஆனா மண் மட்டும் போதாது. 1761-ல யூசுப் கான் திரும்பி வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூணையும் பிடிச்சுட்டார். 1764-ல அவரையே நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையில தூக்குல போட்டாங்க. வாசுதேவநல்லூர் மறுபடி பாளையக்காரங்க கைக்கு வந்துச்சு.

1767-ல கர்னல் டொனால்ட் கேம்பல் அங்கே வந்தார். சுவர்ல உடைப்பு விழ விழ, குண்டு மழைக்கு நடுவுலயே பனைமரமும் வைக்கோலும் போட்டு அடைச்சாங்க. இந்தத் துணிச்சலைக் கம்பெனி அதிகாரிகளே வியந்து எழுதியிருக்காங்க. கடைசியில கொட்டுற மழையில கோட்டையை விட்டு வெளியேறிட்டாங்க.

பூலித்தேவர் பேரும் கர்னல்கள் பேரும் நமக்குத் தெரியும். அன்னிக்கு உயிரைப் பணயம் வெச்சு உடைப்பை அடைச்சவங்க பேரை யாரும் எழுதி வைக்கல. கோட்டை நின்னதுக்குப் பாதிக் காரணம் மண்ணுன்னா, மீதி அவங்கதான்.