மார்கழி விடுமுறையில் அக்கா வீடு



மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி, "அம்மா, லீவுக்கு எங்க போறம்?" என்பதுதான். வசதியுள்ளவர்கள் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போவார்கள். எம்மில் பெரும்பாலானோருக்குப் போவதற்கு ஓரிடந்தான் உண்டு. அது கூடப்பிறந்தவர்களின் வீடு. அந்தச் சிறிய பயணத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

போருக்குள் வளர்ந்த எமது தலைமுறைக்கு உறவினர் வீடு என்றதும் விடுமுறை நினைவுக்கு வருவதில்லை. 2006 மார்கழியில் வாகரைப் பகுதியில் சண்டை கடுமையானபோது எனக்கு வயது பதினாறு. கைக்கு அகப்பட்டதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வாழைச்சேனைப் பக்கமிருந்த சின்னம்மாவின் வீட்டுக்கு ஓடினோம். இரண்டு அறைகளில் பதினேழு பேர் இருந்தோம். சின்னம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எப்போது போவீர்கள் என்று அவர் கேட்கவுமில்லை. எங்களால் சொல்லவும் முடியவில்லை. விருந்தாளிக்கு வரும் நாளும் போகும் நாளும் தெரியும். அகதிக்கு இரண்டும் தெரியாது.

மீள்குடியேறிய பின்னர் அம்மா பல வருடங்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபத்தினால் அல்ல. "அவளுக்குக் குடுத்த கரைச்சல் போதும்" என்பார். எனது பணியில் சந்தித்த பல தாய்மாரிடமும் இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அடைக்கலம் தந்த வீட்டுக்கே மீண்டும் போகக் கூச்சப்பட்டு, சகோதரிகள் விலகிப்போயிருக்கிறார்கள். யுத்தம் வீடுகளை மட்டுமல்ல, வீடுகளுக்கு இடையிலான போக்குவரத்தையும் அழித்துவிட்டது.

எமது சமூகத்தில் இந்த இழப்பு மிகப் பெரியது. கிழக்கில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகச் செல்லும். மூத்தவள் மணமுடித்தால் தாய் வீடு அவளுக்கு. பெற்றோர் அதே வளவில் அல்லது அருகில் இன்னொரு வீடு கட்டி அடுத்தவளுக்கு ஆயத்தம் செய்வார்கள். அக்கரைப்பற்றுப் பகுதித் தமிழ், முஸ்லிம் மக்களிடையே இந்தத் தாய்வழி முறையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளிவந்த தமது நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். வேலிக்கு அப்பால் அக்கா, இப்பால் தங்கை என்று வாழ்ந்த பெண்கள் நாங்கள். பிள்ளை அழுதால் தூக்க ஒருத்தி, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒருத்தி இருந்தாள். இடம்பெயர்வும் வேலையும் எங்களைப் பிரித்த பிறகு, வருடத்தில் ஒருமுறை வரும் விடுமுறைதான் அந்த வேலிக் கடப்பைத் திரும்பத் திறக்கிறது.

நான் கிளிநொச்சியில் வேலை செய்பவள். அக்கா வாகரைக் கரையில், அம்மாவின் வளவில் இருக்கிறாள். 2019 மார்கழியில் ஐந்து வயது மகளுடன் எட்டு நாட்கள் அவளிடம் போய்த் தங்கினேன். வவுனியா சென்று, திருகோணமலைக்கு வந்து, கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாகப் பயணம். முன்பு அந்தப் பாதையில் துறைக்குத் துறை காத்திருக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அதைத் தொடர்ந்து வந்த பாலங்களும் பிரிந்திருந்த எத்தனையோ சகோதரிகளைச் சேர்த்துவைத்தன.

நான் மார்கழியைத் தெரிவுசெய்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2004 மார்கழி 26 ஆம் திகதி சுனாமி அக்காவின் முதற் பிள்ளையைக் கொண்டுபோனது. அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. ஒவ்வொரு வருடமும் அந்தக் காலையில் அக்கா கரைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, அன்று முழுவதும் எவருடனும் பேசமாட்டாள். அந்த வருடம் நானும் பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் சொல்லவில்லை. மத்தியானம் அவளாகவே, "அவன் இருந்தா இப்ப பதினேழு வயசு" என்றாள். அதன் பின் நெடுநேரம் கதைத்தாள். துக்கத்துக்கு மருந்து நான் கொண்டுபோகவில்லை. பிள்ளையைக் கையில் தூக்கிய இன்னொருத்தி பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

செலவை யார் சுமப்பது?

மார்கழி கரையோரக் குடும்பங்களுக்குக் கையிறுக்கமான மாதம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அத்தான் தொழிலுக்குப் போகமுடியாது. பெரும்போக நெல் வயலில்தான் நிற்கும். தை, மாசியில்தான் அறுவடை. இதற்குள் தை மாதப் பாடசாலைச் செலவும் வந்துவிடும். இப்படியான நேரத்தில் இரண்டு வாய் கூடுதலாக வருவது சிறிய விடயமல்ல.

மூன்றாம் நாள் கடைக் கடன் கொப்பியை அலுமாரியின் மேல் கண்டேன். நாங்கள் வந்த நாளிலிருந்து முட்டை, பிஸ்கட், சீனி என்று பக்கம் நிறைந்திருந்தது. காசை எடுத்து நீட்டியபோது அக்காவின் முகம் கறுத்தது. "என்ன புள்ள கதைக்கிற? உடன்பிறந்தவள்ற ஊட்டுல காசி குடுத்தா சாப்பிடுற?" என்றாள். நான் காசை உள்ளே வைத்துவிட்டு, "சரி அக்கா. ஆனா மருமக்களுக்கு இல்ல, என்ர புள்ளைகளுக்குச் சின்னம்மா கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் குடுக்கிறத நீ மறிக்கேலாது" என்றேன். அதற்கு அவளிடம் மறுமொழி இல்லை. அடுத்த நாள் வாழைச்சேனைக்குப் போய் இரண்டு பையன்களுக்கும் வருடத்துக்கான கொப்பிகள் வாங்கினோம். சப்பாத்துக்கென்று அவள் ஒதுக்கிய காசு கடைக் கொப்பிக்குப் போனது. நாங்கள் திரும்பும்போது ஒரு உரப்பை நிறையச் சோளன் பொத்தியும் கருவாடும் கட்டித் தந்தாள்.

இதிலிருந்து ஒன்றைச் சொல்லலாம். உதவியைக் காசாக நீட்டினால் அது கையேந்தலாகத் தெரியும். சின்னம்மாவாக, மாமியாகக் கொடுத்தால் அது உரிமை. கையில் எதுவும் இல்லாத சகோதரியும் வெறுங்கையாகப் போகவேண்டியதில்லை. வளவில் காய்த்த தேங்காய் நாலும் முருங்கைக்காய் ஒரு கட்டும் போதும். எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்பளம் வரும் திகதி தெரிந்தவளுக்கும் அன்றாடம் உழைப்பவளுக்கும் விருந்தின் கணக்கு வேறு வேறு.

அடுப்படியில் யார்?

விடுமுறை என்பது பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் மட்டுமானதா? பல வீடுகளில் விருந்தாளி வந்தால் வீட்டுக்காரிக்கு வேலை இரட்டிப்பாகிறது. வேறு சில வீடுகளில், கணவனை இழந்து பிள்ளைகளுடன் வரும் தங்கை விடியற்காலையிலிருந்து எல்லோருக்கும் சமைத்துப்போடும் வேலைக்காரியாகிறாள். இரண்டுமே சரியல்ல. நாங்கள் இருவரும் நாள் மாறி நாள் சமைத்தோம். எனது முறை வந்த ஒருநாள், பல மாதங்களாகப் பின்போட்டுவந்த கிளினிக்குக்கு அக்கா போனாள். பிறசர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இன்றுவரை குளிசை எடுக்கிறாள். உங்கள் சகோதரி எதைப் பின்போட்டு வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். அதைச் செய்வதற்கு அவளுக்கு ஒரு நாளைக் கொடுப்பதே நீங்கள் கொண்டுபோகும் நல்ல பரிசு.

பிள்ளைகள் விடயத்தில் இரண்டு கவனங்கள் தேவை. புலமைப்பரிசில் புள்ளிகளை வைத்து ஒருவரையொருவர் ஒப்பிட வேண்டாம். அந்தக் காயம் விடுமுறை முடிந்தும் ஆறாது. அடுத்தது பாதுகாப்பு. ஆட்கள் நிறைந்த வீட்டில் யார் எங்கே படுப்பது என்பதைத் தாய்மாரே தீர்மானியுங்கள். உறவினர் என்பதற்காக மட்டும் எவரிடமும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தால் அதட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

கூடப்பிறந்தவர்கள் ஒன்றுசேரும் வேளையில் காணிப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட பல வீடுகள், பெண்ணுக்கே வீடு என்ற எமது வழமைக்கு மாறாக, குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் பதியப்பட்டன. அரச காணி உத்தரவுப் பத்திரங்களின் வாரிசுரிமையில் 1935 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை அளித்திருந்தது. 2022 இல் அது திருத்தப்பட்டது. அம்மா இருக்கும்போதே, எல்லோரும் கூடியிருக்கும்போதே பேசினால், பின்னர் நீதிமன்றப் படியேறும் பகை வராது.

அதன் பின்னர் 2020, 2021 இல் கொரோனா எங்களை மறித்தது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். பாடசாலை நாட்காட்டியும் பலமுறை மாறியது. ஆயினும் போக்குவரத்து அறுந்துவிடவில்லை. 2023 இல் அக்கா பையன்களுடன் கிளிநொச்சிக்கு வந்தாள். வரும்போது அம்மாவையும் சின்னம்மாவையும் ஒன்றாகக் கூட்டிவந்தாள். சின்னம்மாவுக்கு முதற் கோப்பை தேநீரை அம்மாவே ஊற்றிக் கொடுத்தார்.

போவதற்கு உடன்பிறந்தோர் எவருமில்லாத சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். யுத்தம் அவர்களிடம் யாரையும் மிச்சம் விடவில்லை. அவர்களுக்கு இரத்த உறவுதான் வேண்டுமென்பதில்லை. முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள், ஒரே மாதர் சங்கத்தில் சீட்டுப் போடுபவள், இவர்களும் சகோதரிகளே. இம்முறை உன் பிள்ளைகள் என்னிடம் நான்கு நாள், என் பிள்ளைகள் உன்னிடம் நான்கு நாள் என்று இரண்டு தாய்மார் பேசிக்கொண்டால் அதுவும் ஒரு விடுமுறைதான்.

நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண்ணின் தலைமையில் இயங்குகிறது. தனித்து நின்று சுமப்பதற்கு நாங்கள் பழகிவிட்டோம். அது எங்கள் பலம். ஆனால் ஓய்வும் உறவும் எங்களுக்கும் உரியவை. பொட்டலத்துடன் ஓடிய அதே பாதையில் இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, போகும் நாளும் திரும்பும் நாளும் சொல்லி, விருந்தாளியாகப் போய்வாருங்கள். அடுத்த வருடம் அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.