குழந்தைக்கு எத்தனை பிரிவு?

கொல்கத்தாவில் அன்னை தெரசாவின் தலைமை இல்லம். காலையில் ரொட்டி, வாழைப்பழம், தேநீர். ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான் எனப் பல தேசங்களிலிருந்து தொண்டு செய்ய வந்தவர்கள் கூடியிருப்பார்கள். அன்று ஊர் திரும்புகிறவர்களை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் பாடி வழியனுப்புவது அங்கே வழக்கம். கண் கலங்காமல் நிற்பவர் குறைவு.

அதே சாலையில் சற்றுத் தள்ளி, 1955-ல் தொடங்கிய சிசு பவன். ஆதரவற்ற குழந்தைகளுக்கு உணவூட்டுவது, துணி துவைப்பது எல்லாம் தொண்டர்களின் வேலை. சிலர் ஒரு வாரம் இருப்பார்கள், சிலர் ஆறு மாதம். போகிறவருக்கு ஒரே பிரிவு. குழந்தைக்கோ? மடியில் வைத்து ஊட்டிய முகம் மறைகிறது. பழகுவதற்குள் அடுத்த முகமும் போய்விடுகிறது.

தாயோ, தாய் போன்ற ஒருவரோ தொடர்ந்து அருகிலிருப்பது குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு 1951-லேயே எழுதிக் கொடுத்தார். சுற்றுலாவோடு சேர்த்து அநாதை இல்லங்களில் நடக்கும் தொண்டு ஏற்பாடுகளால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு ஐ.நா. பொதுச் சபையும் 2019-ல் தீர்மானம் போட்டது.

இதற்காகத் தொண்டே வேண்டாம் என்பதில்லை. பத்து நாளில் திரும்புகிறவர், "மறுபடி வருவேன்" என்று குழந்தையிடம் சொல்லாதிருக்கலாம். துணி துவைக்கச் சொன்னால் முகம் சுளிக்காதிருக்கலாம். அங்கே குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் உள்ளூர் மாஷிகள். நாம் சித்தி என்கிறோமே, அந்த உறவுப் பெயர்தான். தொட்டித் துணியை வேறொருவர் துவைத்தால், அவர்களுக்குக் குழந்தையோடு இருக்க இன்னும் சிறிது நேரம் கிடைக்கும்.